பக்கத்து வயல் மனையாகிறது. என் வயலுக்குத் தண்ணீர் வருமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் ஆலோசனை

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 12 மா நஞ்சை, அதாவது ஏறத்தாழ 4 ஏக்கர். அப்பா உயில் எதுவும் எழுதாமல் 2018-இல் காலமானார். இப்போது அம்மா, சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, வாசகி என மூன்று பேர் பெயரிலும் கூட்டுப்பட்டா. பயிர் வைப்பது வாசகி மட்டும்தான். குறுவையும் தாளடியும் தவறாமல் நடக்கிறது. மேற்கே இருந்த 5 ஏக்கரை ஒரு மனை வணிகர் வாங்கி, சவுடு மண் அடித்து, மூன்றடி உயர்த்தி, கல் நட்டுவிட்டார். வாசகியின் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கன்னி வாய்க்கால் அந்த நிலத்தின் வழியாகத்தான் வருகிறது. அதில் பாதி ஏற்கெனவே தூர்ந்துவிட்டது. தம்பியும் தன் பங்கை அதே வணிகருக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். "மாஸ்டர் பிளான் வந்தால் இந்தப் பக்கம் எல்லாமே குடியிருப்புதான், இப்போதே கொடுத்தால் நல்ல விலை, அப்புறம் தண்ணீரும் வராது" என்று வணிகரின் ஆள் வீடு தேடி வந்து சொல்லியிருக்கிறார். வாய்க்காலைத் திருப்பிவிட ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகு இப்படி மனை போடலாமா? கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா? தம்பி விற்பதைத் தடுக்க முடியுமா? வாய்க்காலுக்கு என்ன வழி?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் வாய்க்கால்தான். விளைநிலம் பெரும்பாலும் விற்பனையில் போவதில்லை. பக்கத்தில் மண்மேடு எழும்பி, தண்ணீர் வரும் வழியும் வடியும் வழியும் அடைபட்டு, இரண்டு போகம் பொய்த்த பிறகு விவசாயி தானே விலை கேட்கப் போகிறார். உங்களிடம் வந்த ஆள் "அப்புறம் தண்ணீரும் வராது" என்று சொன்னதை நான் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு வருவதற்கு முன், நீங்கள் நம்பியிருக்கும் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. அவற்றை நம்பி நாளைக் கடத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வேளாண் மண்டலச் சட்டம் மனையைத் தடுக்காது

2020-இல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பது உண்மை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதில் வருகின்றன. ஆனால் அது எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்புத்தாது ஆலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான ஆய்வும் துளையிடுதலும், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு போன்றவைதான் அதன் தடைப் பட்டியல். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து டெல்டா மக்கள் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. அந்த அளவில் பெரிய வெற்றி. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

கேரளத்தில் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். எந்த சர்வே எண் நெல்வயல் என்று ஊர்வாரியாகத் தரவுப் பட்டியல் இருக்கிறது. உள்ளாட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் அடங்கிய உள்ளூர்க் குழு இருக்கிறது. குறைகள் அங்கும் உண்டு. ஆனாலும் நெல்வயல் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நிலத்தைக் காப்பாற்றும் சட்டம் அது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, கையில் இருக்கும் சட்டங்களை வைத்துத்தான் நீங்கள் வேலை பார்க்க வேண்டும்.

நிலப் பயன்பாட்டை மாற்றும் கட்டம்தான் முக்கியம்

கையில் இருப்பதில் வலுவானது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பக்கத்து நிலத்தின் சர்வே எண் கும்பகோணம் முழுமைத் திட்டத்துக்கு, அதாவது மாஸ்டர் பிளானுக்கு, உள்ளே வருகிறதா, வெளியே இருக்கிறதா? தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வாய்மொழியாகச் சொல்லத் தயங்கினால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உள்ளே வந்தால், திட்டத்தில் அந்த சர்வே எண்ணுக்கு ஒரு உபயோகம் குறிக்கப்பட்டிருக்கும். விவசாய உபயோகம் என்று இருந்தால், அதைக் குடியிருப்பாக மாற்றாமல் மனைப்பிரிவு அனுமதி வாங்க முடியாது. மாற்றுவதற்கு முன் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள்.

வெளியே இருந்தால் பிரிவு 47-அ பொருந்தும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன்அனுமதி வேண்டும் என்கிறது அது. 2017-இல் அதற்கென விதிகளும் வந்தன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் கருத்துக்கும் வேளாண்மைத் துறையின் கருத்துக்கும் இடம் உண்டு. வாய்க்கால் ஓடும் நிலம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். இந்த அலுவலகங்கள் கருத்து எழுதும் நேரத்தில் உங்கள் ஆட்சேபணைக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். கல் நட்டு, மனை விற்று, வீடு எழும்பிய பிறகு போடும் மனுவை யாரும் தீவிரமாக எடுப்பதில்லை. அப்போது எதிர்த்தரப்பில் நிற்பவர் மனை வணிகராக இருக்க மாட்டார். கடன் வாங்கி மனை வாங்கிய ஏதோ ஒரு குடும்பமாக இருக்கும்.

ஆட்சேபணையில் "விவசாயம் அழிகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதிகாரி அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து நிலத்தின் சர்வே எண், உங்கள் சர்வே எண், வாய்க்கால் எந்த மதகிலிருந்து பிரிகிறது, எத்தனை பேர் வயலுக்குப் பாய்கிறது, மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மூன்றடி மண் அடித்ததால் இப்போது எங்கே தேங்குகிறது என்று எழுதுங்கள். அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் நில அளவை வரைபடம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடு) இரண்டின் நகலையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

அடங்கலைப் பற்றித் தனியாக ஒரு சொல். மனைக்கு அனுமதி கேட்பவர்கள் வழக்கமாக எழுதும் காரணம், "நிலம் பல வருடமாகத் தரிசு, சுற்றுப்புறத்திலும் விவசாயம் இல்லை" என்பதுதான். குறுவை, தாளடி ஒவ்வொன்றுக்கும் உங்கள் பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பாருங்கள். வயலில் நெல் நிற்க, ஏட்டில் தரிசு என்று இருப்பதை எத்தனையோ வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த 5 ஏக்கர் மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கல் நட்டதே அனுமதி ஆகிவிடாது. 500 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கென தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும்; 5 ஏக்கர் அதைப் போல இரண்டு மடங்கு. அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்ய, பதிவுச் சட்டத்தின் பிரிவு 22-அ 2016 அக்டோபரிலிருந்து தடை விதிக்கிறது. இதைச் சுற்றிக்கொண்டு, மனை என்று சொல்லாமல் "விவசாய நிலம், இத்தனை சென்ட்" என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடப்பது தெரிந்தால் சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்த ஆள் சொன்ன "மாஸ்டர் பிளான் வந்தால் எல்லாம் குடியிருப்பு" என்பது வெறும் மிரட்டல். புதிய திட்டமோ திருத்தமோ வந்தால், வரைவை வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைக்கு அவகாசம் தர வேண்டும். உங்கள் நிலத்தை விவசாய உபயோகத்திலேயே வைக்கச் சொல்லி அப்போது மனு கொடுக்கலாம். ஒருவேளை குடியிருப்பு என்று குறித்தாலும் நீங்கள் நெல் நடுவதை யாரும் தடுக்க முடியாது. ஒரு தனியார் உங்கள் நிலத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கவும் முடியாது.

கிராம சபையால் என்ன முடியும்

கிராம சபைத் தீர்மானம் மனைப்பிரிவைத் தானாக நிறுத்திவிடாது. அந்த அதிகாரத்தைச் சட்டம் கிராம சபைக்குத் தரவில்லை. அதற்காக வீண் என்று விட்டுவிடவும் வேண்டாம். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி நகர் ஊரமைப்புத் துறை தந்தாலும், இறுதி அனுமதி ஊராட்சி வழியாகத்தான் வருகிறது. சாலையையும் பூங்கா இடத்தையும் தானமாக ஏற்பதும் ஊராட்சிதான். "இன்ன சர்வே எண்ணில் பாசன வாய்க்கால் இருக்கிறது, அதை அப்படியே விடாமல் எந்த அனுமதியும் தரக் கூடாது" என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறினால், பின்னால் நீதிமன்றத்தில் அது நல்ல சான்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். வாய்க்கால் பிரச்சினையை எழுப்ப அது பொருத்தமான கூட்டம்தான். ஆனால் அடுத்து எது வருகிறதோ அதிலேயே பேசிவிடுங்கள்.

வாய்க்கால்

வாய்க்கால் யாருடைய இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வழி மாறும். புலப்படத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று காட்டும் கிராம 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள்.

வாய்க்கால் புறம்போக்கு என்று தனியாகக் காட்டியிருந்தால் அது அரசு நிலம். மண் அடித்தது ஆக்கிரமிப்பு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். ஊர்ப் பொது நிலத்தையும் நீர்நிலையையும் ஆக்கிரமித்தவரிடமிருந்து மீட்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இப்படிப்பட்ட வழக்குகளுக்கு நல்ல துணை.

கன்னி வாய்க்கால்கள் பல புலப்படத்தில் இருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். "என் பட்டா நிலம், என் இஷ்டம்" என்று வணிகர் சொல்வார். அது சரியல்ல. 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையுடன் அந்த வழியில் தண்ணீர் பாய்ச்சியிருந்தால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் பிரிவு 15 உங்களுக்கு உரிமை தருகிறது. நிலம் கைமாறினாலும் அந்த உரிமை போகாது. ஆனால் ஒரு கெடு இருக்கிறது. தடை ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து என்று இழுத்தடித்து இந்தக் கெடுவைத் தாண்ட வைப்பது பழைய உத்தி.

வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டு, இடைக்காலத் தடையும் ஒரு வழக்கறிஞர் ஆணையரையும் உடனே கேட்க வேண்டும். ஆணையர் நில அளவருடன் வந்து பார்த்து, மதகு எங்கே, தூர்ந்த பகுதி எவ்வளவு நீளம், உங்கள் வரப்பு மட்டத்துக்கும் வணிகரின் மண்மேட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து அறிக்கை தருவார். இந்த வகை வழக்குகளில் அந்த அறிக்கைதான் பாதி வழக்கு. ஆகவே மீதி வாய்க்காலும் தூர்வதற்குள் ஆணையர் வர வேண்டும். அதுவரை நீங்களே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒன்று, ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் தேங்கும்போது ஒன்று. தேங்கும் படத்தை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் தண்ணீர் வரவில்லை என்றே வாதாடுகிறார்கள். டெல்டாவில் வடியாத தண்ணீரும் அதே அளவு பயிரை அழுகவைக்கிறது.

தம்பியின் பங்கு

உங்கள் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. தம்பி தன் பங்கை விற்கலாம், அது அவர் உரிமை. ஆனால் பாகம் பிரிக்காத வரை அவர் விற்பது பிரிபடாத பங்கைத்தான். இந்த மூலை, அந்த மூலை என்று எல்லை காட்டி விற்க முடியாது. எல்லை இல்லாமல் மனைப்பிரிவும் போட முடியாது. வாங்குபவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் தனியாகப் பெற வேண்டும். அதனால்தான் "சும்மா ஒரு பாகப்பத்திரம்" என்றோ "பவர்" (அதிகாரப் பத்திரம்) என்றோ யாராவது கையெழுத்துக் கேட்டு வருவார்கள். அம்மாவிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரிவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 22-இன்படி, உயில் இல்லாமல் வந்த சொத்தில் முதல் வகுப்பு வாரிசு (மனைவி, மகன், மகள் போன்றோர்) ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே விலையை நிர்ணயிக்கும். ஆனால் இது தடுக்கும் உரிமை இல்லை, வாங்கும் உரிமை. பணம் புரட்ட முடியாவிட்டால் பயன் இல்லை. அந்த விலைக்கு நீங்கள் வாங்க மறுத்தால் செலவுத் தொகையும் உங்கள் தலையில் விழும்.

பாகம் பிரித்துக்கொள்வது நல்லதா? இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பிரித்தால் முன்னுரிமையைக் கோருவது கடினமாகிவிடும். தம்பியின் 4 மா எல்லையோடு வணிகர் கைக்குப் போகலாம். பிரிக்காமல் விட்டால், தம்பி பங்கை வாங்கியவர் கூட்டுப் பங்குதாரராக வந்து உட்காருவார். என் யோசனை: பணம் திரட்ட வழி இருந்தால் பிரிக்காமல் முன்னுரிமையைக் கேளுங்கள். வழியே இல்லை என்றால் தம்பியுடன் பேசி, வாய்க்கால் பாயும் தலைமாடு உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே துண்டாக வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு மேற்கு ஓரத்தில் விழுந்தால், தண்ணீர் வரும், வடியும் உரிமையைப் பாகப்பத்திரத்திலேயே அளவோடு எழுதுங்கள்.

தம்பியை எதிரியாக நினைக்காதீர்கள். சென்னை வாடகையில் இருப்பவருக்கு அந்தப் பணம் தேவையாக இருக்கலாம். மனை விலையை மனதில் வைத்துப் பேசுபவரிடம், பிரிபடாத பங்குக்கு எந்த வணிகரும் அந்த விலை தரமாட்டார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தவணையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பதிவு செய்த ஒப்பந்தமாகப் போடுங்கள்.

அந்தத் தாளில் கையெழுத்து

இப்போது கேட்ட வடிவத்தில் போடாதீர்கள். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் பிரிவு 15 உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகும். அந்தத் தாள்தான் நீர்வளத் துறைக் கோப்பிலும் போய் உட்காரும்.

ஆனால் வாய்க்காலை ஓரமாகத் திருப்புவது எல்லா இடத்திலும் கெட்டதல்ல. வழக்கு சில வருடம் ஓடும். அதுவரை பயிர் காத்திருக்காது. சரியான நிபந்தனையில் சமரசம் அமைந்தால் நான் எதிர்க்க மாட்டேன். நிபந்தனைகள் இவை: புதிய வாய்க்காலின் அடிமட்டம் மதகு மட்டத்துக்கும் உங்கள் வயல் மட்டத்துக்கும் பொருந்தி, ஓட்டம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அகலம் பழைய அளவுக்குக் குறையக் கூடாது. குழாய் போட்டு மூடக் கூடாது, திறந்த வாய்க்காலாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் குழாய் அடைத்தால் சாலையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள். தூர்வார இரு கரையிலும் நடக்க இடம் வேண்டும். வடிகால் தனியாக வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்தில் வாய்க்காலைக் காட்டி, அந்த இடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். புதிய வாய்க்காலில் தண்ணீர் ஓடி, நீங்கள் பார்த்த பிறகே பழையதை மூட வேண்டும். நில அளவரை வைத்து மட்டம் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்கும் வணிகர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பேச்சு நடக்கிறது என்பதற்காக வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். புலப்படம், 'அ' பதிவேடு, கூட்டுப்பட்டா, அப்பாவின் கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, கடந்த வருடங்களின் அடங்கல், நீங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கும்பகோணத்தில் உரிமையியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். கட்டணம் பாரமாக இருந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு.